உது அட்டையெண்டால் நான் மான்

ஓய்வுபெற்ற ஒருத்தியிடம் “உங்கள் அனுபவங்களை எழுதித் தாருங்கள்” என்று கேட்பது துணிச்சலான காரியம். எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது. வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் போய்விட்டது. ஆகவே, அருங்காட்சியக வழிகாட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, பின்வருவனவற்றுக்குக் கேட்டவர்களே பொறுப்பு.

மானுக்கு எத்தனை பல், நத்தைக்கு எத்தனை கண் என்பதெல்லாம் உங்களுக்குத் தந்திருக்கும் கையேட்டில் இருக்கிறது. முழுதாக வாசியுங்கள். நான் பாதிவரை வாசித்தேன். அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, நீங்கள் சொன்னது பிழை என்று உங்களுக்கே தெரியவரும் அந்த மூன்று விநாடியில் என்ன செய்வது என்பது அதில் இல்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் நடுவில், ஒரு பழைய கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் சிறிய இயற்கை வரலாற்றுக் கூடம் ஒன்று இருந்தது. இப்போது அந்த இடத்தில் உடற்பயிற்சி நிலையம் நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் விலங்கியல் பட்டம் பெற்று, இங்கே வந்து இரண்டு வருடம் டோனற் கடையில் வேலைக்கு நின்ற பிறகு, அங்கே ஆறு மாத ஒப்பந்தத்தில் வழிகாட்டியாகச் சேர்ந்தேன்.

மேலாளர் நெட்டையான மனிதர், நல்லவர். திங்கட்கிழமைதோறும் ஒரு புது யோசனையுடன் வருவார், வெள்ளிக்கிழமைக்குள் மறந்துவிடுவார். ஒரே ஒரு யோசனை மட்டும் வெள்ளிக்கிழமையைத் தாண்டியும் பிழைத்துக்கொண்டது. வெள்ளைவால் மானையும் ஒரு கடல்நத்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமாம்.

கேட்டதும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது அவ்வளவு மோசமில்லை. இரண்டும் இந்த நாட்டுப் பிராணிகள், இரண்டும் பச்சை தின்பவை. மான் இலையைக் கடித்து, நாலு அறை கொண்ட வயிற்றுக்குள் தள்ளி, திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசைபோட்டு, நாள் முழுவதும் அதே வேலையாக இருக்கும். நத்தையோ அத்திலாந்திக் கரைச் சதுப்புகளில் வாழ்வது, ஓடு கிடையாது. அது பாசியை உறிஞ்சும். பாசிக்குள் இருக்கும் பச்சையத் துணிக்கைகளைச் செரிக்காமல் தன் உடம்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இலைபோல விரிந்து வெளிச்சத்தில் கிடக்கும். அந்த வெளிச்சத்தை வைத்தே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மான் எவ்வளவு பச்சை தின்றாலும் கபில நிறம்தான். நத்தை தின்றதன் நிறமாகவே ஆகிவிடும்.

மான் எங்களிடம் இருந்தது; உள்ளே அடைத்துத் தைத்த பழைய மான், ஒரு காது சற்றுக் கழன்றிருந்தது. நத்தைகளைக் கிழக்கே ஓர் ஆய்வுகூடம் இரவல் தந்தது. ஒன்பது நத்தைகள். பெரியது என் சின்னவிரல் அளவு.

நகரின் கிழக்கே ஸ்காபரோவில் இவ்வளவு தமிழர் இருக்கிறார்களே, ஒரு சனிக்கிழமை தமிழில் நடத்தினால் என்ன என்று நான்தான் கேட்டேன். “பத்துப் பேராவது வருவார்களா?” என்றார் மேலாளர். வந்தால் என் ஒப்பந்தத்தை நீடிப்பதைப் பற்றிப் பேசலாம் என்றும் சொன்னார்.

துண்டுப்பிரசுரத்தை மல்வேர்ன் பஸ்ஸில், மடியில் தாளை வைத்து எழுதினேன். மத்தியானத்துக்குள் அச்சுக்குப் போக வேண்டும். நத்தை என்று எழுதினால் சனம் ஓட்டைத் தேடும். ஓடு இல்லாமல் வழுவழுவென்று ஊர்வது அட்டை. அது கடலில் இருந்தால் கடலட்டை. எழுதிவிட்டேன். கடலட்டை என்று வேறொரு பிராணி இருக்கிறது, நத்தைக்கும் அதற்கும் ஒரு சொந்தமும் இல்லை, அது நட்சத்திரமீனின் உறவு, அதை வெட்டிப் பார்த்துத்தான் நான் பட்டமே வாங்கினேன் என்பதெல்லாம் மூளையின் ஒரு மூலையில் கையை உயர்த்திக்கொண்டு நின்றது. ‘ஆர் வந்து பாக்கப் போகினம்?’ என்று அந்தக் கையை இறக்கிவிட்டேன்.

“மானும் கடலட்டையும்! உயிருடன் காணலாம்!” ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டிலும் மல்வேர்னிலும் எல்லாத் தமிழ்க் கடைகளின் கண்ணாடியிலும் ஒட்டினேன். மானுக்கும் சேர்த்து ‘உயிருடன்’ என்று போட்டதை இரண்டாவது பிழையாகக் கணக்கில் எடுங்கள்.

சனிக்கிழமை அறுபது பேர் வந்தார்கள். கதிரை போதவில்லை. மேலாளர் சுவரோரம் நின்று சிரித்த சிரிப்பைப் பார்த்து, என் ஒப்பந்தம் நீண்டுவிட்டது என்றே நினைத்தேன்.

முன்வரிசையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், மடிப்புக் கலையாமல் மினுக்கிய வெள்ளைச் சேர்ட்டோடு இருந்தார். பக்கத்தில் மனைவி, பதினொரு வயது மகள். தொட்டிக்கு மேலிருந்த துணியை நான் எடுத்ததும் முதலாவதாக எழுந்து வந்தவர் அவர்தான். குனிந்து பார்த்தார். தொட்டியின் மறுபக்கம் போய்ப் பார்த்தார்.

“எங்க தங்கச்சி, அட்டையைக் காணேல்லை?”

“உதுதான் அண்ணை. பச்சையா, இலை மாதிரிக் கிடக்கே.”

“உதோ?”

மூளையின் மூலையில் கை மறுபடியும் உயர்ந்தது. நான் அதைப் பார்க்காததுபோல, “ஓம் அண்ணை, இதுவும் ஒருவகை அட்டைதான். கனடா அட்டை” என்றேன்.

கனடா அட்டை! அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அவர் நிமிர்ந்தார். கோபமில்லை, ஆனால் அறை முழுவதும் கேட்கும்படி சொன்னார். “நான் முல்லைத்தீவில பதினொரு வருசம் கடலுக்க இறங்கி அட்டை பிடிச்சனான். உது அட்டையெண்டால் நான் மான்.”

அறை வெடித்தது. சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது. ஒரு சொல்லும் விளங்காத மேலாளர், நிகழ்ச்சி களைகட்டிவிட்டது என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

சிரிக்காமல் இருந்தது அவருடைய மகள் மட்டும். அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. தகப்பனைப் பார்த்தாள். “பெரிசு எண்டெல்லோ சொன்னீங்கள் அப்பா? இட்ஸ் சோ ஸ்மோல்.”

அவருடைய மனைவி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். “ஒரு கிழமையா இதே கதைதான் தங்கச்சி. அப்பா ஊரில என்ன வேலை செய்தனான் எண்டு காட்டுறன் வா எண்டு, ஷிஃப்டையும் மாத்திக்கொண்டு வந்தவர்.”

இதுதான் நான் சொன்ன அந்த மூன்று விநாடி. சிரிப்போடு சிரிப்பாக நான் வேறு கதைக்குத் தாவியிருக்கலாம். மேலாளருக்கு எதுவும் தெரியவந்திருக்காது. ஆனால் அந்தப் பிள்ளை, தகப்பன் பொய் சொன்னாரோ என்று யோசித்துக்கொண்டு நின்றாள். பொய் சொன்னது நான்.

“எல்லாரும் கேளுங்கோ,” என்றேன். “நான் பிழையா எழுதிப்போட்டன். இது அட்டையில்லை, ஓடில்லாத நத்தை. அண்ணை சொன்னதுதான் சரி. உண்மையான அட்டை இதைவிட எவ்வளவோ பெரிசு.”

பின்னாலிருந்து ஒருவர், “அப்ப நாங்கள் என்னத்துக்கு வந்தனாங்கள்?” என்றார்.

“மானைப் பாருங்கோ அண்ணை.”

“மான் எங்கட பின்வளவுக்கையே வருது. செவ்வந்தி முழுக்க அதுதான் தின்னுறது.”

முன்னுக்கு வந்து அட்டையைப் பற்றிச் சொல்லும்படி வெள்ளைச் சேர்ட்காரரைக் கேட்டேன். “எனக்கு மேடையில கதைச்சுப் பழக்கமில்லை” என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பிழையை ஒப்புக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உங்களுக்கு வகுப்பெடுத்தால் நம்பாதீர்கள். ஒப்புக்கொண்டால் மேலும் பொய் சொல்ல வேண்டிவராது. அவ்வளவுதான்.

அடுத்த கிழமை மேலாளரின் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. தமிழ்க் கடிதம். கூடவே என் துண்டுப்பிரசுரம், சிவப்பு மையால் ஏழு இடத்தில் திருத்தி. எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். மேலாளர் கடிதத்தை ஆசையோடு என்னிடம் நீட்டி, “வாசகர் கடிதம்! என்ன சொல்கிறார்?” என்றார்.

அந்தக் கூடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தது நான் ஒருத்திதான். என்மேல் வந்த முறைப்பாட்டை நானே மொழிபெயர்க்க வேண்டும். முதல் வரி இது: ‘இதை எழுதியவருக்கு விலங்கியலும் தெரியாது, தமிழும் தெரியாது, எதைக் கண்டு இவரை வேலைக்கு வைத்தீர்கள்?’

“சில ஆலோசனைகள் சொல்லியிருக்கிறார்” என்றேன்.

மேலாளர் நான்கு பக்கங்களையும் புரட்டிப் பார்த்தார். “சில ஆலோசனைகளா?”

கடிதத்தைத் திரும்ப வாங்கினேன். முதல் வரியிலிருந்து சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். நத்தையைக் கடலட்டை என்பவர் நாளை மானைக் கத்தரிக்காய் என்றும் சொல்லக்கூடும் என்ற இடத்தையும் விடவில்லை. இரண்டு சந்திப் பிழைகள் இருப்பதாகவும் எழுதியிருந்தார். சந்தி என்றால் என்னவென்று ஆங்கிலத்தில் விளக்கக் கால்மணி நேரம் பிடித்தது. என்னைத் திட்டுவதற்கு நானே இலக்கண வகுப்பும் எடுக்கவேண்டியிருந்தது.

முடிந்ததும் மேலாளர் கேட்டார். “அவர் சொல்வது சரியா?”

“சந்திப் பிழை இரண்டு இல்லை, ஒன்றுதான். மற்றதெல்லாம் சரி.”

“பிறகேன் ஆலோசனைகள் என்று தொடங்கினாய்?”

“எனக்கு இந்த வேலை வேண்டும்.”

அவர் கடிதத்தை மடித்து மேசைக்குள் வைத்தார். பிறகு, ஒரு மாதம் கழித்து இன்னொரு தமிழ்ச் சனிக்கிழமை வைப்போம், அதுவும் இப்படிப் போனால் ஒப்பந்தம் அத்தோடு சரி என்றார். நான் கதவுவரை போனதும், “அன்றைக்கு எல்லாரையும் சிரிக்கவைத்தாரே ஒருவர், அவரைக் கூட்டிவர முடியுமா?” என்று கேட்டார்.

நான் அந்தத் தமிழாசிரியருக்குப் போன் எடுத்து, நத்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். “யோசிச்சுச் சொல்லுறன்” என்றார். நாலு நாள் யோசித்து, ‘இலைநத்தை’ என்றார். எவ்வளவு சின்னச் சொல்! எனக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளைச் சேர்ட்காரரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. மல்வேர்னில் இரண்டு கடையில் விசாரித்தேன், “மான் எண்டு சொன்ன ஆளோ?” என்று வீட்டு இலக்கத்தையே சொன்னார்கள். பெயர் இராசரத்தினம், எல்லாருக்கும் ராசண்ணை. பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. மனைவி புனிதம் தேத்தண்ணி தந்தார். மகள் மதுரா ரீவி பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

“நான் வந்து என்னத்தைக் காட்ட, தங்கச்சி?” என்றார் ராசண்ணை. “அட்டையில்லாமல் அட்டைக்காரனோ?”

“அஜின்கோர்ட்டில சீனக் கடையில காய்ஞ்ச அட்டை இருக்கு அண்ணை.”

“தெரியும். கண்ணாடிப் போத்தலுக்க வச்சிருக்கிறான்.” தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார். “நான் இடைக்கிடை போய்ப் பாக்கிறனான்.”

புனிதம் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன். ராசண்ணை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இரண்டாவது தமிழ்ச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் ஒன்பது நத்தைகளும் செத்துவிட்டன. யாருடைய பிழையும் இல்லை. அவற்றின் ஆயுளே ஏறக்குறைய ஒரு வருடம்தான்; முட்டையிட்டுவிட்டுக் கூட்டமாகச் சாகும். ஆய்வுகூடத்தார் அனுப்பிய குறிப்பில் அது தெளிவாக இருந்தது. குறிப்பின் அந்தப் பாதியைத்தான் நான் வாசிக்கவில்லை.

மேலாளர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பிளாஸ்ரிக் இலை ஒன்றை வெட்டி அடியில் போட்டால் என்ன? உண்மையானதும் அசையாமல்தானே கிடந்தது.”

நம்புங்கள், அரை நிமிடம் நான் அதை யோசித்தேன். என்ன பச்சையில் வெட்டுவது என்றுகூட யோசித்தேன். பிறகு, முல்லைத்தீவுக்காரர் வந்தால் குனிந்து பார்ப்பார் என்பது ஞாபகம் வந்தது. “இந்தச் சனத்திடம் அது சரிவராது” என்றேன்.

சனிக்கிழமை முன்னரைவிடக் கூடுதலான சனம். வெறும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, “இலைநத்தைகள் ஒன்பதும் வியாழக்கிழமை செத்துப்போச்சு” என்று தொடங்கினேன். உடனே பின்வரிசையில் ஒரு கிழவர், “அப்ப செத்தவீடு, அந்தியேட்டி எல்லாம் எப்ப பிள்ளை? அதுக்கும் நோட்டீஸ் ஒட்டுவியளோ?” என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு மானும் நத்தையும் ஒப்பிட்ட கதையை ஒரு பயமும் இல்லாமல் சொன்னேன். மறைக்க ஒன்றும் மிச்சமில்லாதவளுக்கு நாக்கு நன்றாகச் சுழல்கிறது. செத்த பிராணியைப் பற்றி இவ்வளவு கேள்வி கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“மான் நாள் முழுக்கத் தின்னுது, நத்தை ஒருக்காச் சாப்பிட்டிட்டு மாதக்கணக்கா வெயில் காயுது,” என்று நான் சொன்ன இடத்தில் ஒரு குரல், “ஞாயிற்றுக்கிழமையில எங்கட வீட்டிலயும் ஒண்டு சோஃபாவில அப்பிடித்தான் கிடக்கும்” என்றது. திரும்பிப் பார்த்தேன். புனிதம். பக்கத்தில் மதுரா. அவர்களுக்குப் பின்னால், கையில் கண்ணாடிப் போத்தலோடு ராசண்ணை.

போத்தலைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே கரிக்கட்டைபோல நாலு காய்ந்த அட்டை. “சீனன் போத்தலோட இரவல் தந்தவன். பின்னேரம் திருப்பிக் குடுக்கவேணும்” என்றார். மேடைப் பழக்கம் இல்லாத மனிதர், மானின் முதுகில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பேச ஆரம்பித்தார். அட்டைக்கு எலும்பில்லை, பயந்தால் தன் குடலையே வெளியே தள்ளும், பிறகு புதுக் குடல் வளர்த்துக்கொள்ளும். மணலோடு மணலாகக் கிடக்கும். கண்ணால் தேடினால் கிடையாது, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிக் கையால் தடவினால்தான் தெரியும்.

மதுரா கேட்டாள். “காத்து ரியூப் இல்லாமலோ அப்பா? எவ்வளவு நேரம் கீழ நிப்பீங்கள்?”

“ரெண்டு நிமிசம். சில நேரம் கூட.”

“நோ வே.”

ராசண்ணை அவளைப் பார்த்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எண்ணு” என்றார். மூச்சை இழுத்தார், கண்ணை மூடினார்.

அவள் தமிழில் எண்ணத் தொடங்கினாள். இருபதில் தமிழ் முடிந்துபோனது. பிறகு ஆங்கிலத்தில் எண்ணினாள். அறுபதுவரை சனம் வேடிக்கையாகப் பார்த்தது. எண்பதில் அவருடைய கழுத்து நரம்பு எழும்பியது. நூறில் புனிதம், “காணும், விடுங்கோப்பா” என்றார். மேலாளர் என் காதருகே குனிந்து, இது நிகழ்ச்சியில் உள்ளதா, நிறுத்துவோமா, யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டார். காப்புறுதியைப் பற்றியும் ஏதோ சொன்னார்.

முடிவெடுக்க வேண்டியது நான். நிறுத்தச் சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். நான் ராசண்ணையின் முகத்தைப் பார்த்தேன். திணறல் இல்லை. இடக்கை முழங்காலில் இருந்தது. விரல்கள் மெதுவாக விரிந்து, மூடி, விரிந்துகொண்டிருந்தன. அவர் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். மேலாளரைக் காத்திருக்கும்படி கை காட்டினேன். நான் செய்தது சரியா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

நூற்று முப்பதில் மதுராவின் குரல் உடைந்து எண்ணுவது நின்றது. ராசண்ணை கண்ணைத் திறக்காமலே சுட்டுவிரலை அசைத்தார். எண்ணு. அவள் அழுதுகொண்டே எண்ணினாள். நூற்று நாற்பத்தெட்டில் அவர் வாயைத் திறந்து இழுத்த மூச்சுச் சத்தம் அறையின் கடைசிவரை கேட்டது.

ஒருவரும் கைதட்டவில்லை. மதுரா ஓடிப்போய் அவருடைய நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“பழக்கம் விட்டுப்போச்சு,” என்றார் ராசண்ணை. “முந்தி இதைவிடக் கூட.”

“கீழ என்ன அப்பா தெரியும்?” என்று அவள் கேட்டாள். அதற்கு அவர் பதில் சொல்லி முடிக்கக் கூடத்தை மூடும் நேரம் தாண்டி நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை. மேலாளருக்கு மதுராதான் மொழிபெயர்த்தாள். ஒரு சொல்லையும் மென்மையாக்கவில்லை என்று நம்புகிறேன். அடுத்த திங்கட்கிழமை என் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீடித்தார்கள். அன்றைக்கு அவர் கொண்டுவந்த புது யோசனை எனக்கு இப்போது ஞாபகமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவருக்கும் மறந்துவிட்டது.

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவிலும் நாங்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உங்களுக்கும் தந்திருப்பார்கள். அதில் ‘உயிருடன் காட்டப்பட்ட உயிரினங்கள்: எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம் இருந்தது. மான் செத்துப் பல வருடம். நத்தைகள் செத்து இரண்டு நாள். போத்தலில் இருந்தவை எப்போது செத்தன என்பது சீனனுக்கே தெரியாது. பூச்சியம் போடப் பேனையைக் கொண்டுபோனேன். பிறகு ராசண்ணை இருந்த கதிரையைப் பார்த்து, ‘ஒன்று’ என்று எழுதினேன்.

மேலாளர் வழக்கம்போல வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.